காய்ச்சல் இல்லாத விடுப்புக் கடிதம்

மதுராந்தகம் ஏரிப் பாசன ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் அதிகம். ஜனவரியில் நவரை நடவு நடந்த வாரம், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் கடிதத்தை நீட்டினாள்: "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்..."

"காய்ச்சல் விட்டுடுச்சாம்மா?" என்று கேட்டேன்.

"காய்ச்சல் இல்ல டீச்சர். அம்மா நடவுக்குப் போச்சு. தம்பியப் பார்த்துக்க ஆள் இல்ல."

"அப்புறம் ஏன் இப்படி எழுதின?"

"அது ஒண்ணுதான் டீச்சர் எழுதத் தெரியும்."

அதைச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். என் ஆசிரியர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதே வாக்கியம். அதில் இலக்கணப் பிழை இல்லை, உண்மைதான் இல்லை.

மறுநாள் பாடத்தை ஒதுக்கிவைத்து, விடுப்பு எடுத்த உண்மையான காரணங்களைத் தமிழில் சொல்லச் சொன்னேன். அக்கா கல்யாணம், பஸ் வரவில்லை, திருவிழா, தம்பியைப் பார்த்துக்கொண்டது எனக் கரும்பலகை நிறைந்தது. பிறகு ஆங்கிலத்தில் முயன்றார்கள். "ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் மை சிஸ்டர் மேரேஜ்" என்றான் ஒருவன். நோய்க்கும் துன்பத்துக்கும்தான் 'சஃபரிங்' என்றதும் வகுப்பே சிரித்தது.

இன்னொருத்தி "ஐ ஆம் ஃபீவர்" என்றாள். இந்தப் பிழைக்குக் காரணம் தமிழில் இருக்கிறது. "எனக்குக் காய்ச்சல்" என்பதில் வினையே இல்லை, பெயரே பயனிலையாக நிற்கிறது. ஆங்கிலத்தில் வினை இல்லாமல் முடியாது என்பதால், பிள்ளை கைக்குக் கிடைத்த 'ஆம்' என்பதை எடுத்து வைக்கிறது. 'எனக்கு' என்று தொடங்கும் பல வாக்கியங்களுக்கு 'ஐ ஹேவ்' பொருந்தும் என்றேன். "ஐ ஹேவ் எ ஃபீவர்", "ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்" என்று உடனே வந்தது. 'இருக்கிறார்கள்' என்பதைப் பார்த்து "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்றும் சிலர் எழுதினார்கள். உடைமையைச் சொல்லும்போது 'ஹேவிங்' வராது. "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" சரிதான், அங்கே அது சாப்பிடுவதைக் குறிக்கிறது.

செய்தே ஆக வேண்டிய வேலை என்றால் 'ஹேவ் டு', நடந்து முடிந்தது என்றால் 'ஹேட் டு'. இதற்கு மட்டும் ஒரு பாடவேளை முழுவதும் போனது. போகட்டும், பிள்ளைகளுக்கு அதிகம் தேவைப்படுவது இதுதான்.

மற்றவை சுலபம். "டுடே மார்னிங்" வேண்டாம், "திஸ் மார்னிங்" போதும். 'பற்றி' என்ற நினைப்பில் 'டிஸ்கஸ்' என்பதோடு 'அபவுட்' சேர்க்க வேண்டியதில்லை. 'பிரிபோன்' என்ற சொல்லை மட்டும் நான் சிவப்பு மையால் சுழிப்பதில்லை. நம் நாட்டில் பெருவழக்கான அந்தச் சொல் இப்போது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இருக்கிறது.

அந்த மாணவி கடிதத்தைத் திருப்பி எழுதினாள்: "மை மதர் ஹேட் டு கோ டு வொர்க். ஐ ஹேட் டு லுக் ஆஃப்டர் மை பிரதர்." தலைமையாசிரியரிடம் காட்டினேன். அன்று மாலை இருவரும் அவள் வீட்டுக்குப் போனோம். தம்பிக்கு மூன்று வயது. அம்மாவிடமும் அங்கன்வாடிப் பணியாளரிடமும் பேசி முடித்தோம். இப்போது அவனை அங்கே விட்டுவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறாள்.

பிப்ரவரியில் அவளிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. "ஐ ஹேட் எ ஃபீவர்" என்று எழுதியிருந்தாள். இந்த முறை நிஜமாகவே காய்ச்சல்.