முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்

வேத பாடம்: லூக்கா 14:28-30; நீதிமொழிகள் 20:14; எரேமியா 32:9-14



ஆவியின் வரங்களைக் குறித்த பாடத்தை இந்த மாதமும் தொடரலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரு காரியத்தை உங்கள் முன் அறிக்கையிடாமல் அதை எழுத என் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. அந்தக் காரியம், செல்போனில் ஆர்டர் போட்டுப் பொருள் வாங்குகிற பெரிய தள்ளுபடி நாட்களைப் பற்றியது. "பாஸ்டருக்கு எழுத வேறே பொருள் கிடைக்கலையா?" என்று யாரும் நினைக்க வேண்டாம். முழுசாக வாசியுங்கள்.

2024 செப்டம்பர் கடைசியில் வந்த தள்ளுபடியில் நான் 43 அங்குல டிவி ஒன்று வாங்கினேன். பெட்டியில் போட்டிருந்த விலை 39,999 ரூபாய். எனக்குக் கிடைத்தது 21,999-க்கு. அடுத்த ஞாயிறு ஆராதனையில் மைக்கைப் பிடித்து, "தேவ ஜனமே, கர்த்தர் எனக்கு 18,000 ரூபாய் மிச்சப்படுத்திக் கொடுத்தார்" என்று சாட்சி சொன்னேன். நீங்களும் கை தட்டி அல்லேலூயா சொன்னீர்கள். வீட்டுக்குப் போனதும் என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "18,000 மிச்சம்னு சொன்னீங்களே, அது எங்கங்க இருக்கு? பீரோவில 22,000 குறையுது, அது மட்டும்தான் எனக்குத் தெரியுது." நான் சிரித்து மழுப்பிவிட்டேன். பிறகு தெரிந்தது, அதே டிவி ஒரு மாதத்துக்கு முன்னாலேயே 23,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறது. உண்மையில் எனக்குக் குறைந்தது 1,000 ரூபாய். நீதிமொழிகள் 20:14-ஐ எடுத்து வாசித்துப் பாருங்கள். வாங்கும்போது "சரக்கு மட்டம், மட்டம்" என்று சொல்லிவிட்டு, வாங்கிக்கொண்டு போனபின் பெருமை பேசுகிற ஒருவனை சாலொமோன் அங்கே காட்டுகிறார். நான் அந்தப் பெருமையைப் பிரசங்க பீடத்தில் நின்று பேசிவிட்டேன்.

இத்தோடு போயிருந்தால் வீட்டுக் கதையாகப் போயிருக்கும். அன்றைக்குப் பின் வரிசையில் உட்கார்ந்து என் சாட்சியைக் கேட்ட வாலிபத் தம்பி ஒருவர், அன்று ராத்திரியே 24,000 ரூபாய்க்கு ஒரு செல் ஆர்டர் போட்டார். மாதம் 4,000 வீதம் ஆறு தவணை, வட்டியில்லா ஈ.எம்.ஐ. (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.) பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவர். அக்டோபர் தவணை கட்டினார். தீபாவளி 31-ஆம் தேதி வந்தது. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று நம்ம சிவகாசிக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆலைக்கு விடுமுறை. திறந்தாலும் அடைமழை, வெயில் இல்லை, காயப்போட முடியாது, கூலி பாதி. நவம்பர் தவணை நின்றது, டிசம்பரும் நின்றது. வசூல் பண்ணுகிறவர்கள் அவருடைய தாயாருக்குப் போன் போட்டுப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அந்தத் தாயார் என்னிடம் ஜெபிக்க வந்தபோது சொன்னார்கள்: "பாஸ்டரய்யா, நீங்க சாட்சி சொன்னீங்கன்னுதான் இவன் வாங்கினான்." அன்றைக்கு எனக்கு ஜெபம் வரவில்லை, சகோதரரே. கண்ணீர்தான் வந்தது.

இப்போது லூக்கா 14-க்கு வாருங்கள். கோபுரம் கட்ட ஆசைப்படுகிற மனுஷன் முதலாவது உட்காருகிறான், அதன் பிறகு தன்னிடம் இருப்பது போதுமா என்று கணக்குப் போடுகிறான். ஆண்டவர் இதைச் சீஷத்துவத்தைப் பற்றித்தான் சொன்னார், டிவி வாங்குவதைப் பற்றி அல்ல. அது எனக்கும் தெரியும். ஆனாலும் எல்லாருக்கும் தெரிந்த வீட்டு வழக்கத்தை வைத்துத்தானே அவர் உவமானம் சொல்கிறார்? அவர் நாளில் புத்தியுள்ள மனுஷன் உட்கார்ந்து கணக்குப் பார்த்தான். நாமோ ராத்திரி 12 மணிக்குப் படுத்துக்கொண்டே பட்டனை அழுத்துகிறோம்.

நம்ம ஊரில் இந்தக் கணக்கு இன்னும் கொஞ்சம் கூர்மையானது. பெரிய தள்ளுபடிகள் தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்னாலேயே திறக்கின்றன. 2025-ல் இரண்டு பெரிய நிறுவனங்களும் செப்டம்பர் 23 அன்றே தொடங்கின. தீபாவளி அக்டோபர் 20. நாம் தீபாவளி கொண்டாடுவதில்லை, ஆனால் ஆலைக்குப் போகிற விசுவாசிகளுக்குப் போனஸ் கைக்கு வருவது அந்த நாட்களில்தான். அதாவது தள்ளுபடி முதலில் வருகிறது, பணம் பிறகு வருகிறது. நடுவில் இருக்கிற அந்த வாரங்களைக் கடன் வந்து நிரப்புகிறது. தவணை ஓடுகிற மாதங்களோ நமக்கு வேலை குறைந்த மாதங்கள். டிசம்பரில் பிள்ளைகளுக்குத் துணி, ஜூனில் பள்ளிக்கூடச் செலவு. ஆகையால் நம் சபையாருக்கு நான் சொல்லும் முதல் யோசனை இது: இந்த வருஷப் போனஸ் அடுத்த வருஷத் தள்ளுபடிக்குத்தான். வந்ததில் ஒரு பங்கைத் தபால் நிலையத்திலோ வங்கியிலோ போட்டு வையுங்கள், அது உங்களுக்காகக் காத்திருக்கட்டும். பழைய கடன் இருந்தால் அதுவும் வேண்டாம், கடனைத்தான் முதலில் கட்ட வேண்டும். எண்ணெய் பெருகின விதவைக்கு எலிசா சொன்ன வரிசையைப் பாருங்கள் (2 இராஜாக்கள் 4:7). எண்ணெயை விற்கணும், கடனைத் தீர்க்கணும், மீந்ததில் தாயும் பிள்ளைகளும் பிழைக்கணும். அற்புதத்தால் வந்த பணத்துக்கே அந்த வரிசை என்றால், உழைத்து வந்த போனசுக்குச் சொல்ல வேண்டுமா?

சரி, "வட்டியே இல்லை என்றுதானே போட்டிருக்கான்?" என்று வாலிபர்கள் கேட்பீர்கள். அந்தத் தம்பியின் 24,000-ஐயே எடுத்துக்கொள்வோம். வங்கி வருஷத்துக்கு 15 சதவீதம் வட்டி போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு வட்டி ஏறக்குறைய 1,016 ரூபாய். அந்தத் தொகையை முன்கூட்டியே விலையில் கழித்துக் காட்டிவிட்டு, மாதாமாதம் வங்கி அதை வசூலித்துக்கொள்கிறது. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 183 ரூபாய். அது நம் தலையில். தவணைக்கு ஏற்பாடு செய்ய ஒரு கட்டணம், 199 என்றால் வரியோடு 235. ஆக, வட்டியில்லாத கடனுக்கு 418 ரூபாய் கொடுக்கிறோம். ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு அனுப்பின சுற்றறிக்கையில், பூஜ்ய வட்டி என்று ஒன்று உண்மையில் கிடையாது என்று சொல்லிவிட்டது. 418 பெரிய தொகை இல்லைதான். ஒழுங்காகக் கட்டினால் அவ்வளவோடு போயிற்று. தவறினால்தான் பயங்கரம். கிரெடிட் கார்டு பாக்கிக்குப் பல வங்கிகள் மாதத்துக்கு மூன்றரை சதவீதம் அளவில் போடுகின்றன, வருஷத்துக்கு 42. நம்ம தெருவில் வட்டிக்கு விடுகிறவரிடம் இந்த வட்டிக்கு வாங்குவீர்களா?

கார்டுக்கு "10 சதவீதம் உடனடி தள்ளுபடி" என்பதிலும் கீழே பொடி எழுத்து உண்டு. அதிகபட்சம் 1,500 என்று வரம்பு இருந்தால், 24,000-க்கு 2,400 கிடைக்காது, 1,500தான். அந்தத் தள்ளுபடிக்காக என்னுடைய கார்டைக் கேட்டு இதுவரை இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். கொடுக்கவில்லை. அதில் ஒருவர் இன்னமும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை! பிறனுக்குப் பிணைப்படுவதைக் குறித்து நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் இருப்பதை அவர் அருள்கூர்ந்து வாசிக்கட்டும்.

இனி, வாங்கவே கூடாதா? அப்படி நான் சொல்லவே இல்லை. 2025-ல் நம் சபைச் சகோதரி ஒருவர் வாஷிங் மெஷின் வாங்கினதைச் சொல்கிறேன். தீப்பெட்டி வேலையில் கை விரல்களெல்லாம் வெடிப்பு. நாலு பேர் துணியையும் கையால் துவைக்க முடியவில்லை. தேவை உண்மையான தேவை. பத்து மாதம் சீட்டுக் கட்டி 10,000 சேர்த்திருந்தார்கள். ஜூலை மாதமே என் மனைவியும் அவர்களும் உட்கார்ந்து, எந்தக் கம்பெனி, எத்தனை கிலோ, எந்த மாடல் நம்பர் என்று முடிவு செய்து ஒரு நோட்டில் எழுதினார்கள். வாரத்துக்கு ஒரு தரம் விலையைப் பார்த்துத் தேதி போட்டு எழுதினார்கள். இந்த நோட்டு வேலை மிக முக்கியம். திரையில் அடித்துக் காட்டுகிற விலை பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச விலை. அந்த விலைக்கு வருஷம் முழுவதும் ஒருவரும் வாங்குவதில்லை. போன மாதம் என்ன விலைக்கு விற்றது என்பதுதான் நமக்கு வேண்டிய கணக்கு. நோட்டில் 9,490 என்று இருந்தது. தள்ளுபடி அன்று 8,990.

இதற்குள் ஒரு தம்பி, "அக்கா, ஜி.எஸ்.டி. குறைஞ்சிருச்சு, இன்னும் இறங்கும்" என்று சொல்லிவிட்டார். 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாக வரி குறைந்தது ஏ.சி., 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவி போன்ற சிலவற்றுக்குத்தான். வாஷிங் மெஷினுக்கும் ஃபிரிட்ஜுக்கும் 2018-லேயே 18 ஆகிவிட்டது. செல்லுக்கும் ஏற்கெனவே 18தான். வரி குறைந்தது என்று பலகை வைத்தவுடன் எல்லாவற்றுக்கும் குறைந்ததாக எண்ணிக்கொள்கிறோம்.

பட்டனை அழுத்தாமல் சகோதரி அந்த விலையை நம்ம பஜாரில் ஒரு கடைக்காரரிடம் காட்டினார்கள். அவர் யோசித்துவிட்டு, "9,200-க்கு எடுத்துக்கோங்கம்மா, வண்டியில கொண்டுவந்து மாட்டி, ஓட்டிக் காட்டிட்டுப் போறேன், ஸ்டாண்டும் தர்றேன்" என்றார். ஸ்டாண்டு தனியே வாங்கினால் 500, 600 ஆகும். கடையிலேயே வாங்கினார்கள். சீட்டுப் பணம் 10,000-ல் 800 ரூபாய் மீதி. அந்த 800-ஐ என் மனைவியிடம் கையில் எடுத்துக் காட்டினார்கள். "இதுதாங்கக்கா மிச்சம்" என்றார்கள். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஒன்றும் பேசவில்லை.

திரையில் "இன்னும் 2 தான் பாக்கி", "நேரம் முடிகிறது" என்று கடிகாரம் ஓடுவதைக் கண்டு பதறாதிருங்கள். வாங்குகிறவனை ஏமாற்றும் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பொய்யாக அவசரப்படுத்துவதும், நாம் எடுக்காததை நம் கூடையில் சேர்ப்பதும் அதில் உண்டு. கடைசியில் பணம் கட்டுமுன், காப்பீடு, நன்கொடை என்று ஏதாவது டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். இந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் வரும் "99 ரூபாய்க்கு செல்" லிங்க்கைத் தொடவே வேண்டாம். பணம் திரும்பப் பெறுவதற்கு யாராவது பின் நம்பர் கேட்டால் அவன் திருடன். நமக்குப் பணம் வருவதற்குப் பின் நம்பர் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் போடுங்கள். பொருளில் குறை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

பில்லைப் பத்திரப்படுத்துங்கள். இதற்கு எரேமியாவைக் காட்டுகிறேன். எருசலேம் முற்றிகையில் இருக்கிறது, தீர்க்கதரிசி காவலில் இருக்கிறான். அந்த நிலையில் பெரிய தகப்பன் மகனுடைய நிலத்தை வாங்குகிறான். எப்படி வாங்குகிறான்? 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறான். பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளை வைக்கிறான். முத்திரை போட்டதையும் திறந்திருக்கிறதையும் மண்பாண்டத்தில் வைக்கும்படி பாருக்கிடம் ஒப்படைக்கிறான். கர்த்தர் வாங்கச் சொன்ன நிலத்துக்கே தராசும் பத்திரமும் உண்டு. நாமோ பெட்டியைக் கிழித்த அன்றைக்கே பில்லையும் சேர்த்து அடுப்பில் போடுகிறோம். பெட்டியைப் பிரிக்கும்போது செல்லில் வீடியோ எடுத்து வையுங்கள். பொருளைத் திறந்து காட்டுகிற டெலிவரி என்றால், பார்த்த பிறகு மட்டும் ஓ.டி.பி. சொல்லுங்கள்.

இன்னொரு காரியமும் என் உள்ளத்தில் பாரமாயிருக்கிறது. நாம் இரட்சிக்கப்பட்டபோது காதிலும் கழுத்திலும் இருந்ததைக் கழற்றினோம். உலகத்தார் கேலி செய்தும் அந்தச் சாட்சியில் நின்றோம். இப்போது ஆராதனையில் கையை உயர்த்தும்போது அந்தக் கையில் என்ன செல் இருக்கிறது என்று நம் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். நானும்தான் டிவியின் அங்குலத்தை மைக்கில் சொன்னேன்.

தசமபாகம் குறைந்துவிட்டது என்பதற்காகப் பாஸ்டர் இதை எழுதுகிறார் என்று ஒருவரும் எண்ண வேண்டாம். அந்தத் தம்பியின் பாக்கியை நான்கு மாதங்களில் அவரே உழைத்து அடைத்துவிட்டார். சபையிலிருந்து கடன் கொடுக்கவில்லை. வங்கிக்கு அவரோடு நானும் போனேன், அவ்வளவுதான். நான் அவரிடமும் அவர் தாயாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். இப்போது சபையாகிய உங்களிடமும் கேட்கிறேன்.

தவணையில் சிக்கி, வெளியில் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இருக்கிற விசுவாசிகள் யாராயிருந்தாலும், புதன்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் இருங்கள். வங்கியிலிருந்து வந்த கணக்குத் தாள்களையும் ஒரு நோட்டையும் கொண்டு வாருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு, நாம் மட்டும் உட்கார்ந்து பார்ப்போம். சகோதரிகள் என் மனைவியிடம் வரலாம். விலை எழுதுகிற நோட்டும் அவளிடம்தான் இருக்கிறது.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் சகோதரன்