பாம்பாறும் காவிரியின் பெருமீனும்

ஆற்றில் பெரிய மீன் பிடிபட்டால் ஊரே கூடி வேடிக்கை பார்ப்பது நம் வழக்கம். "இதைவிடப் பெரிது கிடைக்குமா?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. அந்தக் கேள்வியையே இந்த இதழின் பாடமாக எடுத்துக்கொள்வோம். தென்னிந்திய ஆறுகளில் சாதனை அளவுக்கு வளர்ந்த மீன் எது? அது இன்னும் வளர முடியுமா? விடையின் ஒரு பகுதி நம் இடுக்கி மாவட்டத்திலேயே இருக்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

கிழக்கே போகும் மூன்று ஆறுகள்

வண்டன்மேட்டில் பெய்யும் மழை ஓடைகளாகி மேற்கே பெரியாற்றில் சேர்கிறது. கேரளத்தின் பெரும்பாலான ஆறுகள் இப்படி மேற்கே போகின்றவைதாம். கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டும் கிழக்கே ஓடுகின்றன. மூன்றும் கடைசியில் சேருமிடம் காவிரி.

இவற்றில் பாம்பாறு நம் மாவட்டத்து ஆறு. நெடுங்கண்டம், பூப்பாறை வழியாக மூணாறு சென்று, அங்கிருந்து உடுமலைச் சாலையில் இறங்கினால் மறையூர் வரும். அதையடுத்து சின்னாறு வனவிலங்குச் சரணாலயம். ஆனமுடிப் பக்கத்து மலைகளில் பிறந்து, தூவானம் அருவியாக விழுந்து, சின்னாற்றோடு கலந்து, அமராவதி அணைக்குள் புகுவது பாம்பாறு. அமராவதி கரூர் அருகே காவிரியோடு சேர்கிறது.

120 பவுண்டு மீன்

1946ஆம் ஆண்டு கபினி ஆற்றில் வான் இங்கென் என்பவர் தூண்டிலில் ஒரு மீன் பிடித்தார். விலங்குகளைப் பாடம் செய்வதற்குப் பெயர் பெற்றிருந்த மைசூர்க் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். அந்த மீனின் எடை 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. ஓர் அரிசி மூட்டையைவிடக் கூடுதல்! அதற்கு முன் 1919இல் ரிவெட் கார்னாக் என்ற ஆங்கிலேய அதிகாரி காவிரியில் பிடித்தது 119 பவுண்டு. மாசீர் வகை மீன்களில் புகழ்பெற்ற சாதனைகளாக இன்றும் பேசப்படுபவை இவை.

மாசீர் கெண்டைக் குடும்பத்து மீன். அதன் உறவு மீன் ஒன்றைத்தான் பெரியாற்றுப் பகுதியில் மலையாளிகள் குயில் மீன் என்கிறார்கள். காவிரி மாசீரின் முதுகு காளையின் திமில்போல் உயர்ந்திருக்கும். எனவே நாம் அதைத் திமில் மாசீர் என்றே அழைப்போம்.

வாளையைப் போலவோ விராலைப் போலவோ முழு வேட்டை மீன் அல்ல இது. கரையோர மரத்திலிருந்து விழும் பழத்தையும் தின்னும், நண்டு, நத்தை, சிறுமீன்களையும் விழுங்கும். தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள் உள்ள பற்களால் நண்டோட்டையும் நொறுக்கிவிடும்.

இத்தனை புகழ் இருந்தும் இந்த மீனுக்கு முறையான அறிவியல் பெயர் நெடுங்காலம் இல்லை. 2007இல் மதுசூதன குருப், ராதாகிருஷ்ணன் என்ற இரு ஆய்வாளர்கள் பாம்பாற்றில் கிடைத்த மீன்களைக் கொண்டு ஒரு புதிய இனத்தை விவரித்தார்கள். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீனியல் அறிஞர் ரெமாதேவியைச் சிறப்பிக்கும் வகையில் அதற்குத் 'தோர் ரெமாதேவி' என்று பெயர் வைத்தார்கள். காவிரியின் பெருமீனும் பாம்பாற்றில் கண்ட அந்த இனமும் ஒன்றே என்பதை, மோயாற்று மீன்களையும் ஆராய்ந்து 2018இல் ஆய்வாளர்கள் நிறுவினர். அதே ஆண்டில், அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரினமாகவும் அது உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பெயர் உறுதியான ஆண்டிலேயே ஆபத்தும் உறுதியாயிற்று.

மீன் எப்படிப் பெரிதாகிறது?

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. ஒரு மீனின் நீளம் இரு மடங்கானால் அதன் எடை எத்தனை மடங்காகும்? இரண்டு என்று சொல்லத் தோன்றும். ஆனால் நீளத்தோடு அகலமும் உயரமும் இரு மடங்காகின்றன. 2 × 2 × 2 = 8. ஆகவே எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும்.

மனிதரைப் போல் மீனின் வளர்ச்சி ஒரு வயதில் நின்றுவிடுவதில்லை. வேகம் குறைந்தாலும் வாழும் காலமெல்லாம் வளர்ந்துகொண்டே இருக்கும். எனவே 54 கிலோ மீன் என்பது எதைக் காட்டுகிறது? அத்தனை ஆண்டுகள் அந்த மீன் வெடிக்கும் வலைக்கும் நஞ்சுக்கும் தப்பியிருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் வற்றாத ஆழமான மடு அதற்குக் கிடைத்திருக்கிறது. மழைக்காலத்தில் முட்டையிட மேலாற்றுக்கு ஏறிச் செல்ல வழி இருந்திருக்கிறது. அந்த மீனின் எடை, ஆறு அதை எத்தனை காலம் நன்றாக வைத்திருந்தது என்பதற்குச் சான்று.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாய்மீன் பெரிதாகப் பெரிதாக அது இடும் முட்டைகளின் எண்ணிக்கையும் பெருகும். பெரிய தாய்மீன் ஒன்றைக் கொல்வது விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவதற்குச் சமம்.

சராசரி கூடினால் நல்லதா?

1998 முதல் 2012 வரை காவிரியில் தூண்டில்காரர்கள் பிடித்துப் பின் விடுவித்த மீன்களின் குறிப்பேடுகளை ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். திமில் மாசீரின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. ஆனால் கிடைத்தவற்றின் எடையோ கூடிக்கொண்டே வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் மீன்கள் நன்றாகக் கொழுத்திருப்பதாகத் தோன்றும். உண்மை நேர்மாறானது.

நமக்கு இது புரியாத செய்தி அல்ல. பிழைப்புத் தேடி இளையவர்கள் வெளியேறிவிட்ட கிராமத்தில் தாத்தாவும் பாட்டியும் மட்டும் இருப்பார்கள். அந்த ஊரின் சராசரி வயது கூடுகிறது என்பதற்காக ஆயுள் கூடிவிட்டது என்று சொல்வோமா? காவிரியிலும் கிழமீன்கள் மட்டும் மிஞ்சின, குஞ்சுகள் வளர்ந்து வரவில்லை.

காரணங்கள் பல. கிருஷ்ணராஜசாகர், 1934இல் முடிந்த மேட்டூர், கபினி, அமராவதி என்று அணைகள் எழுந்தன. அவற்றால்தான் வயல் விளைகிறது, விளக்கு எரிகிறது. அவை வேண்டாம் என்பதல்ல பேச்சு. ஆனால் மீன் ஏறிச்செல்லும் பாதை அடைபட்டது என்பதும் உண்மை. மணல் அள்ளுவதும் வெடி போடுவதும் கேட்டைப் பெருக்கின.

நல்ல எண்ணத்தில் செய்த காரியம் ஒன்றும் வினையாயிற்று. 1970களிலிருந்து மகாராஷ்டிரத்தின் லோனாவலாவில் பொரித்த நீலத்துடுப்பு மாசீர்க் குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டன. வேற்று ஆற்று மீன் பெருகியது, சொந்த மீன் சுருங்கியது. மாசீர் நிறைய இருக்கிறது என்று எல்லோரும் நினைத்திருந்த காலத்தில், எந்த மாசீர் என்று பார்த்தவர்கள் மிகச் சிலரே.

பெரிதெல்லாம் பெருமையா?

2018 பெருவெள்ளத்துக்குப் பிறகு கேரளத்து ஆறுகளில் சில விசித்திர மீன்கள் பிடிபட்டன. சாலக்குடி ஆற்றில் தென் அமெரிக்காவின் அராபைமா கிடைத்தது. முதலை போன்ற மூக்குடைய வட அமெரிக்க மீனும் அகப்பட்டது. வளர்ப்புக் குளங்களிலும் தொட்டிகளிலும் இருந்து தப்பியவை அவை. அராபைமா நூறு கிலோவையும் தாண்டி வளரக்கூடிய வேட்டை மீன். ஆனால் அது நம் ஆற்றுக்குச் சாதனை அல்ல, சோதனை. இங்குள்ள சிறுமீன்களுக்கு அதனிடமிருந்து தப்பத் தெரியாது.

இனி வாய்ப்பு உண்டா?

மேகாங் ஆற்றைப் பாருங்கள். 2005இல் தாய்லாந்தில் 293 கிலோ கெளுத்தி ஒன்று பிடிபட்டது. 2022இல் கம்போடியாவில் 300 கிலோ திருக்கை கிடைத்தது. மீனவர்கள் தகவல் சொல்ல, ஆய்வாளர்கள் வந்து அளந்து, அடையாளக் கருவி பொருத்தி அதை மீண்டும் ஆற்றிலேயே விட்டார்கள். இத்தனை நெருக்கடியிலும் ஆழமான மடு இருக்கும் இடத்தில் பெருமீன் இன்னும் வாழ்கிறது.

நம் பக்கத்தில் திமில் மாசீருக்கு மிஞ்சியுள்ள முக்கியப் புகலிடம், நீலகிரிக் காடுகளின் ஊடே ஓடிப் பவானியில் சேரும் மோயாறு. அங்குள்ள மீன்களுக்கு நீரும் வழியும் காலமும் கிடைத்தால் மீண்டும் பெருமீன் வளரலாம். நீரும் வழியும் மனிதர் கொடுக்கக்கூடியவை. காலத்தை மட்டும் யாரும் விரைவுபடுத்த முடியாது. இன்று தப்பும் குஞ்சு பெருமீனாவதைப் பார்க்கப்போகிறவர்கள் நம் பேரப்பிள்ளைகளாக இருக்கலாம்.

நம் பங்கு என்ன?

நஞ்சு கலந்தும் வெடி போட்டும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடுத்திருக்கிறது. அப்படிச் செய்வதைக் கண்டால் சும்மா இருக்க வேண்டாம். ஏலத்தோட்டத்தில் மருந்து அடித்தபின் தெளிப்பானையும் டிரம்மையும் ஓடையில் கழுவாதீர்கள். நம் ஓடை பாம்பாற்றுக்குப் போகாவிட்டாலும் பெரியாற்றுக்குப் போகிறது, அங்கே குயில் மீன் இருக்கிறது. வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் அயல்நாட்டு மீன் அலுத்துவிட்டால் ஆற்றில் விடாதீர்கள்.

குடும்பத்தோடு பேசிப் பார்க்க

1. 30 செ.மீ. நீளமுள்ள மீன் 90 செ.மீ. ஆனால் அதன் எடை ஏறக்குறைய எத்தனை மடங்காகும்?
2. மீன்களின் சராசரி எடை கூடுவது எப்போது நல்ல செய்தி, எப்போது கெட்ட செய்தி?
3. உங்கள் சொந்த ஊர் ஆற்றிலோ குளத்திலோ தாத்தா காலத்தில் இருந்து, இப்போது காணாமல் போன மீன்கள் எவை? ஊருக்குப் போகும்போது பெரியவர்களிடம் கேட்டு, பெயர்களை எழுதி வையுங்கள். அந்தப் பெயர்களாவது நம் பிள்ளைகளிடம் மிஞ்சட்டும்.