வள்ளியம்மாவின் பேராண்டி: சொல்லிசையில் அகமும் புறமும்

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

முன்னுரை

"இவர்கள் பாடுகிறார்களா, பேசுகிறார்களா?" என்பது சொல்லிசையைக் கேட்கும் பெரியோர் பலர் எழுப்பும் வினா. 'ராப்' எனப்படும் இக்கலையைத் தமிழில் சொல்லிசை என்று வழங்குகிறோம். இது வெறும் இரைச்சல், வேகம், வீம்பு என்பது ஒரு சாரார் கருத்து. வீம்பு மிகுந்த பாடல்கள் இதில் பல உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் தன்னைத் தானே நோக்கி, 'நான் யார், எங்கிருந்து வந்தேன்?' என்று வினவும் பாடல்களும் இதில் உள்ளன. அவ்வகையில் தமிழ்ச் சொல்லிசைக் கலைஞர் அறிவு, 2024-இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்னும் பெயரில் ஒரு பாடல் தொகுப்பை வெளியிட்டார். வள்ளியம்மா அவருடைய பாட்டி. ஒரு பாட்டியின் பெயர் பாட்டுத் தொகுப்பின் பெயரானது ஏன் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லிசையின் தோற்றம்

1973 ஆகஸ்டு 11 அன்று நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூவில் 1520-ஆம் எண் கொண்ட அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு சிறு விருந்து நடந்தது. பள்ளி திறக்கும் வேளையில் புதிய உடை வாங்கப் பணம் வேண்டி ஒரு பெண் அவ்விருந்துக்கு ஏற்பாடு செய்தாள். அவளுடைய அண்ணன் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ஜமைக்காவிலிருந்து குடியேறிய அவ்விளைஞரே பின்னர் கூல் ஹெர்க் என்று புகழ் பெற்றவர். பாடலில் தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை இரண்டு இசைத்தட்டுகளின் உதவியால் மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்தார். அத்தாளத்தின் மேல் சொற்களை அடுக்கிச் சொல்லும் பழக்கம் வளர்ந்தது. 1982-இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவினர் வெளியிட்ட 'தி மெசேஜ்' என்னும் பாடல், விருந்துக் கூத்தாக இருந்ததைச் சேரி வாழ்வின் சித்திரமாக மாற்றியது. 2018-இல் கெண்ட்ரிக் லமாரின் 'டேம்' என்னும் தொகுப்பு இசைக்கான புலிட்சர் பரிசைப் பெற்றது. உடை வாங்கக் காசில்லாத வீட்டில் பிறந்த கலை 45 ஆண்டுகளில் அடைந்த உயரம் இது.

தமிழில் இக்கலைக்கு முதலில் வழி வகுத்தோர் கடல் கடந்த தமிழர்களே. மலேசியாவின் யோகி பி - நட்சத்ரா குழுவினர் 2006-இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டனர். தமிழகத்தில் 2012-இல் 'ஹிப் ஹாப் தமிழன்' வந்தது. 2018 சனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக் கலைஞர் தென்மாவும் உருவாக்கிய இக்குழு கானா, சொல்லிசை, ராக் ஆகியவற்றை ஒரே மேடையில் இணைத்தது. அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு மக்களிடம் அறிமுகமானது இக்குழுவின் வழியாகத்தான்.

யாப்பும் தாளமும்

சொல்லிசைக்கு இலக்கணம் இல்லை என்பது பிழை. இயற்பியல் மாணவன் என்ற முறையில் சிறிது கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பாடலின் வேகம் நிமிடத்திற்கு 90 தட்டு என்று கொள்வோம். ஒரு தட்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு நொடி. நான்கு தட்டு சேர்ந்தது ஓர் அடி. அதற்கு ஏறத்தாழ 2.7 நொடி. வழக்கமாகச் சொல்லப்படும் 16 அடிகளைச் சொல்லி முடிக்க ஏறத்தாழ 43 நொடி ஆகும். இந்த 43 நொடிக்குள் கருத்து தொடங்கி, வளர்ந்து, முடிய வேண்டும். நாலு சீர் கொண்ட நம் அளவடிக்கும் இந்த நாலு தட்டுக்கும் உள்ள உறவு வியப்பூட்டுவது.

மேலை நாட்டுச் சொல்லிசை பெரிதும் அடியின் இறுதி ஒலியையே நம்பி நிற்கிறது. இதை நாம் இயைபு என்போம். தமிழுக்கோ எதுகையும் மோனையும் கூடுதல் செல்வங்கள். நான் கட்டிப் பார்த்த இரண்டு அடிகளை எடுத்துக்காட்டாகத் தருகிறேன். கவிதை என்று கருத வேண்டா.

மேட்டூர் நீர் வருமுன்னே மேட்டு நிலம் காயும்
பாட்டன் சொன்ன கதைகளெல்லாம் பாட்டாகப் பாயும்

'மேட்டூர் - பாட்டன்' எதுகை. 'மேட்டூர் - மேட்டு', 'பாட்டன் - பாட்டாக - பாயும்' மோனை. 'காயும் - பாயும்' இயைபு. மேசையில் நான்கு முறை தட்டிக்கொண்டே சொன்னால் ஒவ்வோர் அடியும் தட்டுக்குள் அடங்குவதைக் காணலாம். கும்மிக்கும் நடவுப் பாட்டுக்கும் ஒப்பாரிக்கும் இத்தொடைகளே உயிர். ஆகவே சொல்லிசை தமிழ் மண்ணில் வேர் கொண்டதற்குக் காரணம் வெறும் நாகரிக மோகம் அன்று. கேட்ட செவிக்கு அது முன்பே பழகிய ஒலியாக இருந்தது.

தெருவிலிருந்து வீட்டுக்கு

அறிவு 2019-இல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் இணைந்து 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டார். 'ஆன்டி இந்தியன்', 'கள்ள மௌனி' முதலிய பாடல்கள் அதில் அடங்கும். பெயருக்கேற்ப அது தெருவில் நின்று உரத்துப் பேசிய குரல். அநீதியைக் கண்டும் வாய்மூடி இருப்போரை நேர்நின்று வினவியது. இப்பாடல்களில் பாடுபவர் பிறரைப் பார்த்துப் பேசுகிறார்.

2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வெளிவந்தது. பாடகி தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் இசைத்துணை புரிந்த இப்பாடலை யூடியூபில் மட்டும் 40 கோடிக்கும் மேற்பட்ட முறை பார்த்துள்ளனர். ஆடிப்பாடும் மெட்டுக்குள் ஒப்பாரியின் சாயல் ஒளிந்திருக்கிறது. மூதாதையர் விட்டுச் சென்ற நிலமும் அந்நிலத்தை இழந்தவர் துயரமும் அதன் உட்பொருள். வள்ளியம்மாவின் பேரன் என்னும் அறிமுகமும் முதலில் பரவலாக ஒலித்தது அப்பாடலில்தான். மூன்றாண்டு கழித்து அதுவே ஒரு முழுத் தொகுப்பின் பெயராயிற்று. தெருவில் தொடங்கியவர் வீட்டுக்குள் நுழைந்து பாட்டியின் அருகே அமர்ந்துவிட்டார். இதுவே அவரது வளர்ச்சியின் திசை என்பது என் கருத்து.

வள்ளியம்மா யார்?

வள்ளியம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின்னர் தமிழகம் திரும்பிக் கூலி வேலை செய்து குடும்பத்தைக் காத்தவர் என்று அறிவு தம் பேட்டிகளில் கூறியுள்ளார். இது தனியொருவர் கதை அன்று. நம் சேலம், நாமக்கல் மண்ணுக்கும் இக்கதைக்கும் தொடர்பு உண்டு.

19-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் திரட்டப்பட்ட மாவட்டங்களுள் திருச்சி, மதுரை, இராமநாதபுரம் ஆகியவற்றோடு சேலமும் ஒன்று. 1876-78 பெரும் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதிகளும் சேர்ந்திருந்த அன்றைய மாவட்டத்தில் 1871-இல் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை, 1881-இல் 16 லட்சமாகக் குறைந்தது. இறந்தோர் போக எஞ்சியோரில் பலர் கங்காணியின் சொல்லை நம்பிக் 'கண்டிச் சீமை'க்குப் புறப்பட்டனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்தவை லயத்து அறையும் காலைப் பிரட்டும் தீராத கடனுமே. புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் காட்டும் உலகம் இதுதான்.

1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் பல லட்சம் பேரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றோர் 9,75,000 பேர் என மதிப்பிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பது என முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மூன்று நான்கு தலைமுறை அம்மலையில் வாழ்ந்தோரிடம் 'எங்கே போக விருப்பம்?' என்று கேட்டு ஒப்பந்தம் எழுதப்படவில்லை. திரும்பி வந்தோரில் ஒரு பகுதியினருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. மற்றையோர் ஊர் ஊராய்ச் சிதறினர்.

இந்த இலட்சங்கள் எல்லாம் ஆவணத்தில் எண்களாகவே உள்ளன. அந்த எண்களுள் ஒன்றுக்கு ஒரு பெயரைத் தந்ததே 'வள்ளியம்மா பேராண்டி'யின் பெருஞ்செயல்.

அகமா, புறமா?

அகப்பாடலில் தலைமக்களின் இயற்பெயரைச் சொல்லலாகாது என்பது தொல்காப்பிய மரபு. பெயர் சுட்டிவிட்டால் அது புறமாகிவிடும். நெடுநல்வாடையில் பாண்டியனின் வேப்பமாலை பற்றிய குறிப்பு ஒன்று வருவதாலேயே அதைப் புறம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கொண்டார் என்பதை நாம் வகுப்பில் கற்றிருக்கிறோம். இவ்விதிப்படி பார்த்தால் 'வள்ளியம்மா' என்று பெயர் சொன்ன கணமே அறிவின் பாட்டு புறமாகிவிடுகிறது.

ஆனால் அதன் பொருளோ தன்னுள் நோக்குவது. 'அகம்' என்னும் சொல்லுக்கு உள்ளம் என்றும் பொருள். வீடு என்றும் பொருள். மேலை நாட்டுக் கலைஞர் தன்னை நோக்கும்போது பெரும்பாலும் தன் தனிமையைக் காண்கிறார். இவரோ தன்னை நோக்கும்போது பாட்டியைக் காண்கிறார். பாட்டிக்குப் பின்னே ஒரு மக்கட் கூட்டத்தையே காண்கிறார். ஈழத் தமிழ்ப் பெற்றோருக்கு இலண்டனில் பிறந்த எம்.ஐ.ஏ. என்னும் மாதங்கி தம் முதல் தொகுப்புக்குத் தந்தையின் புனைபெயரை ஒட்டி 'அருளர்' (2005) என்றும், அடுத்ததற்குத் தாயின் பெயரால் 'கலா' (2007) என்றும் பெயரிட்டது ஈண்டு ஒப்பு நோக்கத்தக்கது. மன்னர்க்கு மெய்க்கீர்த்தியும் கல்வெட்டும் உண்டு. கூலிக்காரப் பாட்டிக்குப் பேரனின் பாட்டே கல்வெட்டு.

பெயர் என்பது சிறிய செய்தி அன்று என்பதற்கு இப்பாடலின் வரலாறே சான்று. 2021 ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டைப் படத்தில் தீ இடம்பெற, அறிவு இடம்பெறவில்லை. எதிர்ப்பு எழுந்த பிறகே அவருக்கெனத் தனி அட்டை வெளியிடப்பட்டது. 2022-இல் பாடலை உருவாக்கியதில் யார் பங்கு எவ்வளவு என்பது பற்றி அறிவும் சந்தோஷ் நாராயணனும் பொதுவெளியில் விளக்கம் தர நேர்ந்தது. அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. ஆனால் பெயரில்லாதவர்களைப் பற்றிய பாட்டிலேயே பெயர் பற்றிய சிக்கல் எழுந்தது சிந்திக்கத்தக்கது.

ஒரு குறை

குறை ஒன்றும் கூற வேண்டும். சொல்லிசையின் வேகம், யாரைப் பற்றிப் பாடுகிறதோ அவர்களுக்கே எட்டாமல் போகிறது. என் தாயைப் பெற்ற அம்மாயிக்கு 'என்ஜாய் எஞ்சாமி'யைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். ஒப்பாரிச் சாயல் வரும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேகமான பகுதி வந்ததும் "என்னமோ சொல்றான், நிக்க மாட்டேங்கிறான்" என்றார். பாட்டிகளுக்கும் விளங்கும்படி இக்கலைஞர்கள் சில இடங்களில் நிறுத்திப் பாடினால் நலம்.

முடிவுரை

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் முதல் பட்டதாரிச் சான்றுக்கு விண்ணப்பித்தேன். அதற்காகக் குடும்பத்தார் அனைவரின் பெயரையும் படிப்பையும் எழுத வேண்டியிருந்தது. அம்மாயியின் முழுப்பெயர் எனக்குத் தெரியாது என்பதை அன்றுதான் அறிந்தேன். கேட்டு எழுதினேன். படிப்பு என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். நடவுப் பாட்டும் கும்மியும் இழவு வீட்டு ஒப்பாரியுமாக இரவெல்லாம் பாடக் கூடியவருக்கு அந்த ஒரு சொல்லே என் கையால் கிடைத்த அறிமுகம். 'வள்ளியம்மா பேராண்டி' என்னும் பெயரை முதன்முறை படித்தபோது அந்த 'இல்லை' என் நினைவுக்கு வந்தது.

இவ்வாண்டுக் கோடை விடுமுறையில் அவர் பாட்டுகளைக் கைப்பேசியில் பதிவு செய்யத் தொடங்கினேன். இதுவரை 11 பாட்டுகள் ஆகியுள்ளன. அவருடைய தாத்தாவின் தம்பி ஒருவர் கண்டிச் சீமைக்குப் போய்த் திரும்பவேயில்லை என்பது அப்போது ஒரு பாட்டின் நடுவே வந்த செய்தி. அவர் பெயரை அறிந்தவர் இன்று எவரும் இல்லை. நண்பர்களே, நம் வீடுகள் பலவற்றில் இத்தகைய பாட்டுகள் பதிவாகாமல் உள்ளன. பாடுவோர் இருக்கும்போதே அவற்றைப் பெயருடன் பதிந்து வைப்பது நம்மால் இயன்ற பணி.

இக்கட்டுரையில் அம்மாயியின் பெயரை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "பொஸ்தகத்துல எல்லாம் எதுக்குங் கண்ணு, உனக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றார். எனவே எழுதவில்லை. இது மட்டும் தொல்காப்பியர் விதிப்படி அகமாகவே இருக்கட்டும்.