பெயின்டிங் வேலையை சப்-கான்ட்ராக்ட் விடும்போது

ஒரே நேரத்தில் மூன்று வீட்டு வேலை வந்துவிட்டால் பெயின்டிங் கான்ட்ராக்டருக்கு இரண்டே வழி. இருக்கிற ஆட்களை மூன்றாகப் பிரித்து அனுப்பி மூன்று ஓனரிடமும் ஏச்சு வாங்கலாம். அல்லது ஒரு வீட்டையாவது இன்னொரு மேஸ்திரியிடம் சப் விடலாம். தை பிறந்தால் கிரகப்பிரவேசம், அதற்கு முன்னால் பொங்கலுக்கு வெள்ளையடிப்பு என்று மார்கழியில் எல்லோரும் ஒரே சமயத்தில் கூப்பிடும் ஊர் நம்முடையது. அதனால் இந்தத் தொழிலில் வளர நினைக்கிறவர் இரண்டாவது வழிக்கு வந்தே ஆகவேண்டும். வந்தவர்களில் பலர் முதல் வேலையிலேயே கையைச் சுட்டுக்கொள்வதற்கு ரேட் காரணமாக இருப்பது அபூர்வம். சதுர அடிக்கு ஒரு ரூபாய் குறைக்க அரை நாள் பேசுகிறவர்கள், எந்தச் சதுர அடி என்பதைப் பேசாமலே வேலையை ஆரம்பித்துவிடுகிறார்கள்.

எந்தச் சதுர அடி?

பத்துக்குப் பன்னிரண்டு அறை, உயரம் பத்தடி என்று வைத்துக்கொள்வோம். தரையை அளந்தால் 120 சதுர அடி. நான்கு சுவரும் சேர்ந்து 440, சீலிங் 120, ஆக மொத்தம் 560. தரை அளவைப் போல ஏறத்தாழ நாலே முக்கால் மடங்கு. அறை சிறியதாக ஆக ஆக இந்த மடங்கு கூடும். பெரிய ஹாலில் குறையும். வீட்டு ஓனரிடம் ‘பில்டிங் சதுர அடிக்கு இவ்வளவு’ என்று மொத்தமாகப் பேசிவிட்டு, சப் மேஸ்திரியிடம் சுவர் அளவுக்கு ஒத்துக்கொண்டால், குட்டி குட்டி அறைகள் நிறைந்த வீட்டில் உங்கள் லாபம் முழுவதும் சுவருக்கே போய்விடும். ஓனரிடம் எந்தக் கணக்கோ, சப்பிடமும் அதே கணக்கு. இதை மாற்றாதீர்கள்.

அடுத்தது ஓப்பனிங். அந்த அறையில் ஏழுக்கு மூன்று கதவு ஒன்று, நாலுக்கு நாலு ஜன்னல் ஒன்று இருந்தால் 37 சதுர அடி. அதைக் கழித்தால் 523. ஓனரின் இன்ஜினியர் கழித்து பில் போடுகிறார், மேஸ்திரி கழிக்காமல் கேட்கிறார் என்றால் அறைக்கு அறை அந்த 37 உங்கள் தலையில். மேஸ்திரி கேட்பதிலும் நியாயம் உண்டு. ஜன்னலைக் கழித்தால் அதன் ஓரத்தில் தெரியும் சுவர்த் தடிமனைச் சேர்க்க வேண்டாமா? அங்கே ரோலர் போகாது, பிரஷ்தான், வேலை இரட்டிப்பு. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 1200 என்ற அளவீட்டு விதித்தொகுப்பு இதை யோசித்துத்தான் வைத்திருக்கிறது. அரை சதுர மீட்டருக்குள் இருக்கும் சின்னத் திறப்பைக் கழிப்பதே இல்லை. மூன்று சதுர மீட்டருக்கு மேற்பட்டதை முழுதாகக் கழித்து, ஓரங்களைத் தனியாகச் சேர்க்க வேண்டும். இடைப்பட்டதற்கு, இரண்டு பக்கமும் ஒரே பூச்சு என்றால், ஒரு பக்கம் மட்டும் கழிவு. சாதாரணக் கதவும் ஜன்னலும் இந்த நடு வகையில்தான் வரும். அந்த விதியையே பின்பற்றவேண்டும் என்பதில்லை. ஆனால் வாய்த்தகராறு வந்தால் நடுவில் வைக்க ஒரு பொது விதி இருப்பது நல்லது.

லாஃப்ட்டின் உள்பக்கம், சன்ஷேடின் அடிப்பாகம், மாடிப்படியின் அடிவயிறு, பாரபெட்டின் உள்பக்கம், கிரில், கேட். சண்டை எப்போதும் இந்த இடங்களில்தான். வேலை தொடங்குவதற்கு முன்பே நீங்களும் மேஸ்திரியும் டேப்பின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து அளந்து, ஒரே நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். ஒரு மணி நேர வேலை. முடிந்தபிறகு அளந்தால் ஒரு வாரச் சண்டை.

அளவு முடிந்ததும் ‘ஒரு சதுர அடி’ என்பதில் என்னென்ன அடக்கம் என்று எழுத வேண்டும். பட்டி எத்தனை கோட், உப்புத்தாள் போடுவது யார், பிரைமர் உண்டா, பெயின்ட் இரண்டு கோட்டா மூன்றா? அடர் சிவப்பு, மஞ்சள் போன்ற ஷேடுகள் இரண்டு கோட்டில் மூடாது. மூன்றாவது கோட்டுக்குத் தனி ரேட் உண்டா? டைல்ஸ் மேல் ஷீட் விரிப்பது, சுவிட்ச் போர்டு கழற்றி மாட்டுவது, கடைசியில் தரையைத் துடைப்பது யார் பொறுப்பு? ‘எல்லாம் பார்த்துக்கலாம்ணே’ என்று மேஸ்திரி சொன்னால் அந்த இடத்திலேயே பேனாவை எடுங்கள்.

வாளி யார் கையில்?

லேபர் மட்டும் சப் விடுவதா, மெட்டீரியலும் சேர்த்தா? லேபர் மட்டும் என்றால் பெயின்டைச் சிக்கனமாகப் பயன்படுத்த மேஸ்திரிக்கு எந்த அவசியமும் இல்லை. வாளி திறந்தே கிடக்கும், மீதம் காய்ந்து போகும். மெட்டீரியல் சேர்த்து என்றால் சிக்கனம் அளவு மீறும். தண்ணீர் கூடும், பிரைமர் காணாமல் போகும். இரண்டில் எது தேவலை என்று கேட்டால், புதிதாகச் சேரும் சப்புக்கு லேபர் மட்டும்தான் என்பேன். விரயத்தைக் கணக்குப் பார்த்துப் பிடிக்கலாம். சுவருக்குள் போன தண்ணீரை யாரும் பிடிக்க முடியாது. அடுத்த மழைக்காலத்தில்தான் தெரியும்.

கணக்குப் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. சிமென்ட் பட்டி இரண்டு கோட்டுக்குக் கிலோவுக்குச் சுமார் 10 முதல் 15 சதுர அடி போகும். ஓரளவு நல்ல எமல்ஷன், வழவழப்பான சுவரில், இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 60, 70 சதுர அடி வரை. சுவர் சொரசொரப்பாக இருந்தால் இது குறையும். சரியான எண் அந்தந்த வாளியின் மேலேயே அச்சாகியிருக்கும், தண்ணீர் கலக்கும் அளவும் அங்கேயே. அந்த 523 சதுர அடி அறைக்கு எட்டு லிட்டர் போதுமான இடத்தில் பதினொன்று ஆனால் விரயம். ஐந்தில் முடிந்தால் இன்னும் பெரிய கவலை.

டோக்கன் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். பட்டி மூட்டையிலும் பெயின்ட் வாளியிலும் கம்பெனிகள் பெயின்டருக்கென்று வைக்கும் டோக்கன், ஸ்கேன் செய்யும் கோடு, யாருக்குச் சேரும்? வாங்கியவர் நீங்கள், வாளியைத் திறந்தவர் மேஸ்திரி, அடித்தவர் பையன். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சில்லறைத் தகராறாகத் தெரியும். ஆனால் டோக்கன் அதிகம் வருகிற பிராண்டுக்கு மேஸ்திரியின் வாய் தானாகச் சாய்வதும், தேவைக்கு மேல் மூட்டை கேட்பதும் இதனால்தான். டோக்கனை மேஸ்திரிக்கே விட்டுவிடுங்கள். பிராண்டையும் அளவையும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளைப் பார்ப்பது எப்படி?

முடிந்த வீட்டின் போட்டோவைக் காட்டாத மேஸ்திரி கிடையாது. அதை நம்பாமல், அவர் இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் சைட்டுக்கு, சொல்லாமல் போங்கள். நேற்று கழுவிய பிரஷ் எப்படி இருக்கிறது, தரையில் ஷீட் விரித்திருக்கிறதா, பட்டி காய்ந்தபின் உப்புத்தாள் போட்டிருக்கிறார்களா? ஒரு ஃபோக்கஸ் லைட்டைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் பட்டியின் மேடுபள்ளம், கரணை இழுத்த கோடு எல்லாம் நிழலோடு தெரிந்துவிடும். பகல் வெளிச்சத்தில் நேராக நின்று பார்த்தால் எந்தச் சுவரும் அழகுதான். ஓனர் குடிவந்த முதல் இரவு டியூப்லைட் போட்டுப் பார்க்கும்போதுதான் உங்களுக்கு போன் வரும். பிரைமர் அடித்த சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். மாவு ஒட்டினால் அந்தச் சைட்டில் அவசரம் நடந்திருக்கிறது.

பிறகு ஒரு சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள். காம்பவுண்டு சுவர், ஒற்றை அறை. இரண்டு நிறம் சந்திக்கும் கோட்டை எப்படி இழுக்கிறார், கதவின் மேல் விளிம்பில் பெயின்ட் பட்டிருக்கிறதா, பைப்புக்குப் பின்னால் கை போயிருக்கிறதா என்பதில் ஆள் தெரிந்துவிடும்.

பீகார், ஒடிசா, மேற்கு வங்கக் குழுக்கள் இல்லாமல் இன்று பெரிய சைட் ஓடாது. அவர்களோடு சப் பேசும்போது காலண்டரையும் சேர்த்துப் பாருங்கள். துர்கா பூஜைக்கும் தீபாவளியை ஒட்டி வரும் சட் பூஜைக்கும், சொந்த ஊரில் தேர்தல் என்றாலும், குழு மொத்தமாக ரயிலேறும். அது அவர்கள் உரிமை. அந்த வாரத்தில் ஒப்படைப்புத் தேதி வைப்பது உங்கள் தவறு. வெளிச்சுவர் வேலைக்கு வடகிழக்குப் பருவமழை மாதங்களும் அப்படியே.

சனிக்கிழமை

சப் மேஸ்திரிக்குச் சனிக்கிழமை பட்டுவாடா. ஓனர் உங்களுக்கு எப்போது தருகிறார் என்பது மேஸ்திரியின் பையன்களுக்குத் தேவையில்லாத செய்தி. சனிக்கிழமை கூலி கிடைக்காத பையன் திங்கட்கிழமை வேறு சைட்டில் நிற்பான், மார்கழியில் நிச்சயமாக நிற்பான். இரண்டு வாரப் பட்டுவாடாவைத் தாங்கும் கைமுதல் இல்லாதவர் சப் விடுவதைத் தள்ளிப்போடலாம்.

அதே சமயம் வாரச் செலவுக்கென்று கொடுத்துக்கொண்டே போனால், பாதி வேலையில் முழுப் பணமும் போய்ச் சேர்ந்திருக்கும். எனவே கட்டம் கட்டமாகப் பிரியுங்கள்: பட்டி, உப்புத்தாள் முடிந்தால் இவ்வளவு, பிரைமரும் முதல் கோட்டும் முடிந்தால் இவ்வளவு, கடைசி கோட்டுக்கு இவ்வளவு. பத்து சதவீதமாவது டச்சப் முடியும்வரை உங்களிடம் நிற்கட்டும். வாரப் பணம் அந்தந்தக் கட்டத்தின் கணக்கில் கழியட்டும். டச்சப் என்பது என்ன என்பதையும் பேசிவிடுங்கள். மேஸ்திரியின் கைவேலையில் குறை என்றால் அவர் செலவு. அடித்த சுவரை எலெக்ட்ரீஷியன் வந்து வெட்டினால் அதற்குத் தனிக் கூலி. இரண்டையும் ஒன்றாக மேஸ்திரி தலையில் கட்டுகிற கான்ட்ராக்டருக்கு இரண்டாவது வேலைக்கு நல்ல ஆள் வரமாட்டார்.

‘அண்ணே, ஒரு ஐம்பதாயிரம் அட்வான்ஸ் இருந்தா ஆளை ஊர்ல இருந்து கூட்டியாந்துருவேன்’ என்று சீசனில் கேட்பார்கள். ரயில் டிக்கெட்டுக்கும் முதல் வாரச் சாப்பாட்டுக்கும் கொடுங்கள். அதற்கு மேல் வேலையைப் பார்த்துக் கொடுங்கள்.

வரி பற்றிச் சுருக்கமாக: சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், பெயின்டிங் வேலைக்கு 18 சதவீதம். சப் மேஸ்திரிக்குப் பதிவு இல்லாவிட்டால் அவர் பில்லில் உங்களுக்கு வரிக்கழிவு எதுவும் வராது. ரேட் ஒப்பிடும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள். 194சி என்று எல்லோர் வாயிலும் வழங்கும் டிடிஎஸ் உங்களுக்குப் பொருந்துமா என்று ஆடிட்டரைக் கேளுங்கள். பான் எண் கொடுக்காத சப்புக்குப் பிடித்தம் பல மடங்காகும். எனவே முதல் நாளே பான், ஆதார், வங்கிக் கணக்கு வாங்கி வையுங்கள்.

சாரத்தில் நிற்பவர்

‘சப் விட்டாச்சு, அவன் ஆளுக்கு அவன் பொறுப்பு’ என்ற பேச்சு சட்டத்தில் நிற்காது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்து இன்றைய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புவரை நிலைமை ஒன்றே. தன் தொழிலைச் சேர்ந்த வேலையை இன்னொருவர் மூலம் செய்விக்கிறவர், அந்த இன்னொருவரின் ஆள் விழுந்தாலும் இழப்பீடு தரவேண்டும். பிறகு சப்பிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். கை ஊன்றவே இடமில்லாத மேஸ்திரியிடம் என்ன வசூலிப்பது? ஆகவே தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுக்கும்போது சப்பின் ஆட்களையும் சேர்த்து எடுங்கள். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயின்டர்களும் உறுப்பினராகலாம். 18 முதல் 60 வயதுவரை உள்ளவர்கள் பதியலாம். மேஸ்திரிகள் இதற்கு நேரம் ஒதுக்குவதில்லை. உங்கள் ஆபீஸ் பையனை உட்காரவைத்துப் பதிந்து கொடுங்கள்.

சாரத்தின் செலவு யாருடையது என்பதை ரேட்டுக்குள் புதைக்காமல் தனியாக எழுதுங்கள். ரேட்டுக்குள் போனால் சவுக்குக் கட்டை குறையும், கயிறு பழசாகும். வெளிச்சுவரை ஒட்டி மின்கம்பி போனால் அலுமினிய ஏணியும் நீளக்கம்பி ரோலரும் அந்தப் பக்கம் போகவே கூடாது. மின்வாரியத்திடம் எழுதிக் கொடுத்து லைனை நிறுத்தியபிறகுதான் வேலை. பழைய வீட்டில் எனாமலைச் சுரண்டும்போது தண்ணீர் தெளித்துத் தேய்க்கச் சொல்லுங்கள், முகக்கவசம் கொடுங்கள். வீட்டுப் பெயின்டில் ஈயத்தை 90 பி.பி.எம்-க்குள் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவு, கிரில்லில் ஈயம் இருக்கும் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

ஓனர் யாரிடம் பேசுவார்?

ஓனர் நேரே மேஸ்திரியிடம் ‘தம்பி, இந்த அலமாரிக்கும் ஒரு கோட் குடுத்துருங்க’ என்பார். மேஸ்திரி கொடுத்துவிட்டு உங்களிடம் பில் நீட்டுவார். ஓனரோ அது இலவசம் என்று நினைத்திருப்பார். கூடுதல் வேலை எதுவானாலும் உங்களிடமிருந்து மெசேஜ் வந்தபிறகே பிரஷ் என்று இருவரிடமும் முதல் நாளே, ஒருவர் முன் ஒருவரை வைத்துச் சொல்லிவிடுங்கள்.

மேஸ்திரி உங்கள் பார்ட்டியிடம் தன் நம்பரைக் கொடுத்து அடுத்த வேலையை நேரே எடுத்துவிடுவாரோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. சிலர் எடுக்கத்தான் செய்வார்கள். பத்திரத்தில் எழுதி இதைத் தடுக்க முடிந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மாதம் தவறாமல் வேலையும் வாரம் தவறாமல் காசும் கொடுக்கிறவரின் பார்ட்டியை எடுக்க மேஸ்திரி யோசிப்பார். சதுர அடிக்கு ஐம்பது பைசாவைப் பிடித்துவைக்கிறவரிடம் யோசிக்கமாட்டார்.

ஒப்படைக்கும் நாளில், ஒவ்வொரு ஷேடிலும் அரை லிட்டர் மீதத்தை இறுக்கி மூடி ஓனரிடம் கொடுங்கள். மூடியின் மேல் அறையின் பெயர், ஷேடு எண், தேதி. அதே விவரத்தோடு அந்தச் சுவரை எந்த மேஸ்திரி அடித்தார் என்பதையும் உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஐப்பசி மழையில் சுவர் பொரிந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தேட வேண்டியிருக்காது.