கவச உடைக்கு பிளாஸ்டிக் ஷீட்: எந்த அளவில் வாங்கலாம்?

நாடகத்துக்கோ காஸ்ப்ளேவுக்கோ வேக்கம் ஃபார்மிங் முறையில் (சூடாக்கிய ஷீட்டைக் காற்றை உறிஞ்சி அச்சின் மேல் படியவைத்து) கவசம் செய்கிறீர்களா? ஷீட் வாங்குமுன் இவற்றைக் கவனியுங்கள்.

● 8க்கு 4 அடி ஷீட்டில் 24 அங்குலச் சதுரமாக 8 துண்டுகள் கிடைக்கும். 25 அங்குலம் என்றால் 3தான். எனவே ஷீட்டைப் பிடிக்கும் சட்டத்தை 24 அங்குல ஷீட்டுக்கு ஏற்றபடி செய்யுங்கள்.

● ரம்பத்தால் அறுத்தால் சேதாரம் உண்டு. மெல்லிய ஷீட்டைக் கத்தியால் ஆழமாகக் கீறி, மடக்கி உடையுங்கள்.

● ஒவ்வொரு பக்கமும் சட்டம் பிடிக்க 1 அங்குலம், அச்சுக்கு அப்பால் 2 அங்குலம் விடுங்கள். அப்படியானால் 24 அங்குலத் துண்டில் அச்சு 18 அங்குலம் வரை இருக்கலாம்.

● அச்சு உயர உயர ஷீட் மெலியும். பரப்பு இரட்டித்தால் 2 மி.மீ. ஷீட் சராசரியாக 1 மி.மீ. ஆகிவிடும், மூலைகள் இன்னும் மெலியும். ஆழமான மார்புக் கவசத்துக்குத் தடித்த ஷீட்டே நல்லது.

● ஆழமில்லாத அலங்காரப் பாகங்களுக்கு 1.5 மி.மீ. ஹிப்ஸ் (HIPS) பிளாஸ்டிக் போதும். அடிபடும் பாகங்களுக்கு 2 மி.மீ. ஏபிஎஸ் (ABS) பிளாஸ்டிக் வாங்குங்கள்.

● ஏபிஎஸ் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஷீட் சூடாகும்போது கொப்புளிக்கும். உலர்ந்த இடத்தில், சாய்க்காமல் படுக்கையாக அடுக்கி வையுங்கள்.