ஆற்றங்கரைச் சமதளம் வேண்டாம்

கேள்வி: மழைக்காலத்தில் பொன்முடி ரோடு அடைபட்டால் மேலே எஸ்டேட் லயன்களில் இருப்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மருந்தும் படுக்கையும் தயாராக வைக்க, ராணுவம் கழித்துவிடும் 20 அடி இரும்பு ஷெல்டர் ஒன்றை ஏலத்தில் எடுக்க யோசிக்கிறோம். எப்படிப் பத்திரமாகக் கொண்டுவந்து வைப்பது? ஆற்றங்கரையில் நல்ல சமதளம் இருக்கிறது.
- வாசகர், கல்லாறு

பதில்: முதலில் அந்தச் சமதளத்தை மறந்துவிடுங்கள். உங்கள் ஆற்றங்கரையில் உருண்டைக் கற்களைப் பரப்பியதே வெள்ளம்தான். பொன்முடியில் கொட்டினால், கல்லாற்றில் வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறும். தூசி புகாமல் அடைத்த பெட்டி மிதக்கும் என்பதும் பலருக்குத் தோன்றாது. 20 அடி கன்டெய்னரின் காலி எடை சுமார் இரண்டேகால் டன். அடிப்பரப்பு ஏறக்குறைய 15 சதுர மீட்டர். கணக்குப் போட்டால், சுற்றிலும் ஒரு சாண் தண்ணீர் நின்றாலே அது தரையை விட்டுக் கிளம்பிவிடும். உள்ளே தடுப்பும் சாமானும் இருந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான்.

மலையை வெட்டி ரோடு போட்ட சரிவின் அடியும் ஆகாது. இரண்டுக்கும் நடுவே, வெள்ளக்கோட்டுக்கு மேலே மேடு பாருங்கள். யானை நடக்கும் வழியா என்று அங்குள்ள காணிக்காரப் பழங்குடியினரைக் கேளுங்கள். வரைபடத்தைவிட அவர்கள் சொல்வது சரியாக இருக்கும். வன எல்லையாக இருந்தால் வனத்துறை அனுமதி வாங்காமல் கிரேனைக் கூப்பிடாதீர்கள்.

கொண்டுவருவதற்கு, நான்கு மூலையிலும் ட்விஸ்ட் லாக் உள்ள லாரிதான் வேண்டும். கயிற்றை நம்பாதீர்கள். உள்ளே ஜெனரேட்டர், ஏசி இருந்தால் கழற்றித் தனியாக ஏற்றுங்கள். ஒரு பக்கம் கனத்தால் வளைவில் லாரி சாயும். விதுரைக்கு அப்பால் தாழ்ந்த மின்கம்பிகளை முந்தின நாளே பார்த்து, மின்வாரியத்திடம் சொல்லி வையுங்கள்.

தூக்கும்போதுதான் ஆள் சாகிறான். சிலிங்கை, அதாவது தூக்கும் வடங்களை, நீளமாகப் போடுங்கள். தரைமட்டத்துக்கு 60 டிகிரியில் நின்றால் ஒவ்வொரு வடத்தின் மீதும் அதன் பங்கைவிடச் சுமார் 15 சதவீதம் கூடுதல் இழுப்பு. 30 டிகிரிக்குத் தாழ்ந்தால் இரண்டு மடங்கு. மழை ஊறிய மண்ணில் கிரேனின் கால்களுக்கு அடியில் தடித்த பலகை போடாவிட்டால் கிரேனே கவிழும். பெட்டியைத் திருப்பக் கயிறு கட்டி, தள்ளி நின்று இழுக்க வேண்டும். அடியில் ஒருவரும் போகக்கூடாது. இறக்கிய பின் நான்கு மூலைக்கும் கான்கிரீட் திட்டு, மட்டம் பார்த்து. கதவு தென்மேற்கைப் பார்க்க வேண்டாம், சாரல் நேராக உள்ளே வரும். ஜெனரேட்டர் புகை உள்ளே போகாத தூரத்தில் இருக்கட்டும்.

மேலே எஸ்டேட்டுக்கே கொண்டுபோகும் ஆசை இருந்தால் பெட்டி வேண்டாம் என்பேன். கல்லாற்றைத் தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள். 1916இல் பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் பீட்டர் நிசன் வடிவமைத்த அரைவட்டக் குடில் பகுதி பகுதியாக லாரியில் போகும். ஆறு பேர் நான்கு மணி நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். 2021இல் சோனம் வாங்சுக் லடாக்கில் பத்து ஜவான்களுக்காகச் செய்த சூரிய வெப்பக் கூடாரத்திலும் எந்தப் பாகமும் 30 கிலோவைத் தாண்டாது. ரோடு உடைந்தாலும் தலைச்சுமையாக ஏற்றலாம். அதனால் கீழே பெட்டி, மேலே கூடாரம் என்பதே என் யோசனை.

ஏலத்துக்கு முன் நேரில் போய் மூலை வார்ப்புகளைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். துரு உதிர்ந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் கேட்காதீர்கள்.