கடுகு விழ வேண்டும், தேனீ விழக் கூடாது

பீகார் மாநிலத்தில் முசாபர்பூர் மாவட்டம் இருக்கிறது. லிச்சிப் பழத்துக்குப் பேர் போன இடம். மார்ச் மாதம் லிச்சி பூக்கும். அப்போது தோப்புக்குள் தேனீப் பெட்டிகளை வரிசையாக வைப்பார்கள்.

அங்கே ஒரு கிராமத்தில் ஓர் அண்ணியும் கொழுந்தனும் பத்துப் பெட்டி வைத்திருந்தார்கள். வங்கிக் கடனில் வாங்கிய பெட்டிகள். அண்ணன் பஞ்சாபில் கூலி வேலைக்குப் போயிருந்தார்.

மழைக்காலம் முடிந்தது. அண்ணி பெட்டிகளைத் திறந்து பார்த்தார். இரண்டு பெட்டிகளில் தேனீக்கள் மிகவும் குறைந்திருந்தன. வாசலில் சில தேனீக்கள் ஊர்ந்தன. அவற்றின் சிறகுகள் சுருங்கியிருந்தன. பறக்க முடியவில்லை.

"தம்பி, இங்கே வா. இதன் முதுகில் என்ன ஒட்டியிருக்கிறது?"

கொழுந்தன் உற்றுப் பார்த்தான். கடுகளவு புள்ளி. செம்பழுப்பு நிறம். அது அசைந்தது.

"உண்ணி மாதிரி இருக்கிறது அண்ணி. மாட்டுக்கு வருமே, அது போல."

அவன் சொன்னது சரிதான். அதன் பெயர் வரோவா உண்ணி. அகலம் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். அது தேனீயின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வாழும். மூடிய அறைகளில் வளரும் தேனீக் குஞ்சுகளையும் விடாது. அங்கேதான் அது பெருகும். நம் நாட்டுத் தேனீ இந்த உண்ணியை ஓரளவு தானே சமாளித்துக் கொள்ளும். பெட்டிகளில் வளர்க்கும் இத்தாலியத் தேனீக்கு அந்தத் திறமை குறைவு. இத்தாலியத் தேனீ 1962-இல் காங்ரா பகுதியின் நக்ரோட்டாவுக்கு வந்தது. பிறகு வட இந்தியா எங்கும் பரவியது. 2004-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த உண்ணியால் பலருடைய பெட்டிகள் காலியாகிவிட்டன.

உண்ணி அவ்வப்போது பிடி தவறிக் கீழே விழும். பெட்டியின் அடி பலகையாக இருந்தால், விழுந்த உண்ணி மறுபடி தேனீயின் மேல் ஏறிக்கொள்ளும். பலகைக்குப் பதில் கம்பி வலை இருந்தால், அது வலை வழியே வெளியே விழுந்துவிடும். தேனீ வளர்ப்புப் பயிற்சி கொடுக்கிறவர் இதைத்தான் சொல்லிவிட்டுப் போனார். எந்த வலை என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

கொழுந்தன் கடைக்குப் போனான். ஜன்னலுக்கு அடிக்கும் கொசு வலையை வாங்கி வந்தான். விலை மலிவு. பத்துப் பெட்டிக்கும் அடித்தார்கள். கீழே வெள்ளைத் தாள் வைத்தார்கள். மறுநாள் தாளில் ஒன்றுமே இல்லை.

"உண்ணி போய்விட்டது அண்ணி!"

அண்ணிக்கு நம்பிக்கை இல்லை. ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். வலையின் மேலே மெழுகுத் தூளும் மகரந்தமும் அடைத்துக் கிடந்தன. அதன் நடுவே உண்ணிகள் உயிரோடு இருந்தன. கொசு வலையின் கண் மிகவும் சிறியது. உண்ணி பெரும்பாலும் அதன் மேலேயே தங்கிவிடும்.

இருவரும் மறுபடி கடைக்குப் போனார்கள். இந்தத் தடவை அண்ணி முந்தானையில் இரண்டு பொருள் முடிந்துகொண்டார். கொஞ்சம் கடுகு. செத்த தேனீ ஒன்று.

கடைக்காரர் கால் அங்குலக் கண் வலையைக் காட்டினார். கோழிக்கூண்டுக்கு அடிப்பது. கடுகு விழுந்தது. தேனீயும் விழுந்தது. "இது வேண்டாம்" என்றார் அண்ணி. அந்த வழியாக வேறு பெட்டித் தேனீக்கள் புகுந்து தேனைத் திருடும். குளவியும் வரும்.

அடுத்து ஓர் அங்குலத்துக்கு எட்டுக் கண் உள்ள வலை. ஸ்கேல் வைத்து எண்ணினார்கள். கடுகு தாராளமாக விழுந்தது. தேனீ மேலேயே நின்றது. அதுதான் சரியான அளவு. கம்பியின் பருமன் போக, ஒரு கண் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்.

அளவு முடிந்தது. எதனால் செய்த வலை?

வெறும் இரும்பு வலை துருப்பிடிக்கும். நைலான் வலை தொய்ந்து போகும், எலி கடித்துவிடும். அலுமினியம் மென்மையானது, பெட்டியை இழுத்து வைக்கும்போது கிழியும். துத்தநாகம் பூசிய கம்பி வலை பெரும்பாலோருக்குப் போதும். இதைத்தான் ஜி.ஐ. வலை என்பார்கள். ஆனால் ஒரு விஷயம். உண்ணிக்கு மருந்தாக ஃபார்மிக் அமிலம் வைக்கிறவர்கள் உண்டு. அதன் ஆவி துத்தநாகப் பூச்சை அரிக்கும். அடிக்கடி அமிலம் வைப்பவர் எவர்சில்வர் வலை வாங்குவது நல்லது. விலை அதிகம்தான், ஆனால் பல வருடம் உழைக்கும். அண்ணியிடம் அவ்வளவு பணம் இல்லை. ஜி.ஐ. வலையே வாங்கினார்.

எவ்வளவு வாங்குவது? பெட்டியின் அடி 20 அங்குல நீளம், 16 அங்குல அகலம். வலைச் சுருளின் அகலம் 36 அங்குலம். பக்கத்தில் பக்கமாக இரண்டு துண்டு வரும். பத்துத் துண்டுக்கு ஐந்து வரிசை. ஐந்து தடவை 20 என்றால் 100 அங்குலம். அதாவது 8 அடி 4 அங்குலம். கடைக்காரர் 12 அடி என்றார். அண்ணி கணக்குப் போட்டுக் காட்டினார். எட்டரை அடிதான் வெட்டினார்.

வலையை முறுக்காக இழுத்து அடிக்க வேண்டும். வெட்டிய முனைகள் கூராக இருக்கும். மேலே மெல்லிய மரச்சட்டம் வைத்து ஆணி அடித்தால் தேனீயின் சிறகு கிழியாது. வலைக்கும் கீழே வைக்கும் தட்டுக்கும் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டார்கள். தட்டில் வெள்ளைத் தாள் விரித்து, கடுகெண்ணெய் லேசாகத் தடவினார்கள். விழுந்த உண்ணி அதில் ஒட்டிக்கொள்ளும்.

மறுநாள் தாளை எடுத்தார்கள். செம்பழுப்புப் புள்ளிகள் நிறைய.

"ஐயோ, இத்தனையா!" என்றான் கொழுந்தன்.

அண்ணி நோட்டில் தேதி எழுதினார். பெட்டி எண் எழுதினார். உண்ணிகளை எண்ணி எழுதினார். வலை மட்டும் உண்ணியை ஒழிக்காது. மூடிய அறைக்குள் இருக்கும் உண்ணி விழாது. ஆனால் எந்தப் பெட்டிக்கு மருந்து உடனே தேவை என்று இந்த எண்ணிக்கை சொல்லிவிடும். பெட்டி எண் 3-க்கும் 7-க்கும் அந்த வாரமே மருந்து வைத்தார்கள்.

தட்டை நாள்கணக்கில் அப்படியே விடக் கூடாது. மெழுகுத் தூளுக்கு எறும்பும் அந்துப்பூச்சியும் வரும். ஜனவரிக் குளிரில் மட்டும் தட்டைச் சுத்தம் செய்து உள்ளே தள்ளி மூடிவைத்தார்கள். மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். லாரியில் பெட்டி ஏற்றும்போது வலை வழியே நல்ல காற்று வந்தது. அடைகளும் உருகவில்லை.